சாயம் ஏற்றி எடுத்த படம்

மார்ச் 4, திங்கள்

செருப்பு கழன்றது தெரியாமல் ஒருத்தி நடப்பாளா? நான் நடந்திருக்கிறேன். அலுவலக மாடிப்படியில் இடது கால் செருப்பு கழன்றிருக்கிறது. அது பாட்டுக்கு அங்கே கிடக்க, நான் பாட்டுக்கு இறங்கி, சரளைக்கல் முற்றத்தைத் தாண்டி, பயிற்சி வண்டியின் கதவையும் திறந்துவிட்டேன். ஹலோ அம்மா அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"டீச்சர், ஒரு காலுக்கு மட்டும் லீவு விட்டுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஹலோ அம்மா என்பது எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு வைத்த பெயர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி எடுத்த பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். எதிரே எது வந்தாலும் ஹாரனை மறந்துவிட்டு "ஹலோ, ஹலோ" என்பார்.

சிரித்தது சரி. ஆனால் அத்தனை கல்லும் காலில் குத்தியிருக்க வேண்டாமா?

மார்ச் 11

இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்டிருப்பது போல. போடவில்லை.

மார்ச் 20

குளியலறை முக்காலியிலிருந்து எழ, சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் வலது கை, இப்போது இரண்டு கையும். கணவரிடம் சொன்னேன். "நாள் பூரா வண்டியில உக்காந்தா இப்படித்தான் ஆகும், கொஞ்சம் நட" என்றார். நடந்தால் வலியில்லை, ஆனால் பாதம் தப்புத் தப்பாக விழுகிறது. எப்படி விளக்குவது? வலிக்கிறது என்றால் ஊரே புரிந்துகொள்ளும். "வலிக்கவே இல்லை, அதுதான் பிரச்சனை" என்று சொன்னால் எவன் கேட்பான்?

நாத்தனார் போனில், "உனக்கு வேற யோசனையே இல்லைல்ல, அதான் காலையே நெனச்சுக்கிட்டு இருக்க" என்றார். இருக்கலாம். எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 27, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டால் நடந்தது உறுதியாகிவிடும் போல.

பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் அழுத்த வேண்டும். பதினெட்டு வருஷமாக அதுதான் என் வேலை. வாய் பேசிக்கொண்டே இருக்கும், கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்று ஹலோ அம்மா ஓட்டினார். பள்ளிக்கூடத்து முனையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையின் நடுவே வந்துவிட்டாள். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது! அதற்குள் வண்டி குலுங்கி நின்றது.

"நானே போட்டேன் பிரேக்கு! பாத்தீங்களா டீச்சர்? நீங்க போடறதுக்குள்ள நானே போட்டுட்டேன்!"

அவருக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. அந்தப் பெண் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். "ரொம்ப நல்லா போட்டீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

ஹலோ அம்மாவுக்குப் பதில் இன்று முதல் நாள் வந்த யாராவது ஓட்டியிருந்தால்? — போதும்.

மார்ச் 28

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "இனி நான் வண்டியில உக்கார மாட்டேன். காரணம் கேக்காதீங்க" என்று ஆரம்பித்து, காரணத்தையும் நானே கொட்டிவிட்டேன். "மாடியில சாலை விதி வகுப்பு எடுங்க. மொதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். வண்டிச் சாவியை அவர் மேசையில் வைத்தபோது அது சத்தம் போட்டது. அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

சர்க்கரை இல்லை. ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. தெருமுனை டாக்டர் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

வளையல், தோடு, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு பலகையில் படுக்க வைத்து, சுரங்கத்துக்குள் தள்ளினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அழுத்த வேண்டுமாம். பிறகு சத்தம். தகரக் கொட்டகையைப் பத்து பேர் சேர்ந்து உடைப்பது மாதிரி. அதில் போய்த் தூங்கிவிட்டேன்! வெளியே எடுத்தபோது ஸ்கேன் எடுப்பவர், "இதுக்குள்ள குறட்டை விட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எலும்பு டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார். "இதோ, டிஸ்க் பிதுங்கியிருக்கு. நரம்பு போற பாதை நெருக்கமாயிடுச்சு. அதான் கால் மரத்துப் போகுது."

இத்தனை நாள் ஒன்றும் இல்லாததற்குப் பயந்தேனோ என்று இருந்தது. இப்போது பெயர் கிடைத்துவிட்டது. வரும் வழியில் கணவர் சந்தோஷமாகவே பேசினார். அவர் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருப்பவர். எங்கே பழுது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார். முதலில் மாத்திரை, உடற்பயிற்சி. கேட்கவில்லை என்றால் ஆபரேஷன்.

எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷமா? ஏதோ ஒன்று.

ஏப்ரல் 30

உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு என்மேல் கோபம். "நீங்க வீட்ல செய்யறதே இல்ல" என்கிறாள். தினமும் செய்கிறேன் அம்மா, செய்யச் செய்ய பலம் இறங்குகிறது. போன வாரம் தூக்கிய காலை இந்த வாரம் தூக்க முடியவில்லை.

இன்று வகுப்பில் சாக்பீஸ் விரலிலிருந்து நழுவிற்று. எடுத்தேன். நழுவிற்று. மூன்றாம் தடவை, முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கியும் விட்டாள், குழந்தைக்குச் செய்வது போல. "சாலைக்கு இடப்பக்கம், வலப்பக்கம்" என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

இடுப்பில் டிஸ்க். சரி. விரலுக்கும் இடுப்புக்கும் என்ன?

மே 7

எலும்பு டாக்டரிடம் அதையே கேட்டேன். "கைக்கு அது வேற. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். ஸ்டியரிங்கை நான் எங்கே பிடித்தேன்? பிடித்தது எல்லாம் என் மாணவர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினவள்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். மே இருபத்திரண்டு. கணவர் உடனே சரி என்றார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். நானும் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மே 10

மகள் என் தலையைப் பின்னிவிட்டாள். கையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே 16, வியாழன்

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பார்க்க வேண்டுமாம். சின்ன வயது, என் மகளுக்கு அக்கா போல இருப்பார். இதயம், மூச்சு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை நான் முஷ்டிக்குள் பிடித்துப் போட்டேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார்.

"எப்போலேருந்து இப்படிப் பிடிக்கிறீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்."

என் இரண்டு கையிலும் அவர் விரலைக் கொடுத்து, "இறுக்குங்க" என்றார். இறுக்கினேன். "இறுக்குங்க" என்றார் மறுபடியும். இறுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு சின்ன சுத்தியலைத் தேடி எடுத்துவந்து முழங்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். கால் தொங்கியபடியே இருந்தது. கையும் அப்படியே. வேறு யாருக்கோ தட்டுவதை வேடிக்கை பார்ப்பது போல இருந்தது.

"இடுப்பு டிஸ்க்கு கையை ஒண்ணும் பண்ணாது அம்மா. இதை நரம்பு டாக்டர் பாக்காம நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன்."

கணவர் வெளியே காத்திருந்தார். அவரிடம் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. "மறுபடியும் முதல்லேருந்தா?"

மே 18, சனி

நரம்பு டாக்டர் அதிகம் பேசாதவர். என் கால் கட்டை விரலை மேலும் கீழும் அசைத்து, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் என்று சொல்லச் சொன்னார். எல்லாம் தப்பு. ஒன்றிரண்டு சரியாக வந்தது, அதுவும் குத்துமதிப்பு. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன், கணவர் பிடித்தார்.

பழைய படத்தை வாங்கி ஜன்னலோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"டிஸ்க் பிதுக்கம் இருக்கு, இல்லன்னு சொல்லல. உங்க வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். ஆனா உங்களுக்குக் கை கால் ரெண்டும் சேந்து, கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. நரம்பு முதுகுத்தண்டை விட்டு வெளிய வர்ற எடத்துக்கு நரம்பு வேர்னு பேரு. கோளாறு அங்க இருக்கலாம். சாய மருந்து ஏத்தி இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்."

"அப்ப ஆபரேஷன்?" என்றார் கணவர்.

"தள்ளி வைங்க."

"உறுதியா தெரியுமா டாக்டர்?"

"தெரியாது. அதனாலதான் படம் கேக்கறேன்."

மே 19, ஞாயிறு

எலும்பு டாக்டர் போனில் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார்: "தள்ளிப் போட்டா கால் திரும்பாம போயிடலாம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

தள்ளிப் போட்டால் கால் போகும் என்கிறார் ஒருவர். முதலில் இன்னொரு படம், அதுவரை வெட்ட வேண்டாம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்.

மத்தியானம் மூன்று பேருமாக அந்தப் படத்தைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். மகள் ஒரு மூலை, கணவர் ஒரு மூலை. கறுப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காக ஏதோ. "இதுதான் எலும்பு" என்றார் அவர். "இல்லப்பா, அது தசை" என்றாள் மகள். என் இடுப்பை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா துணி காயப்போட வந்து, நாங்கள் மூவரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு சண்டை. அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் தெரியாதுங்கறார். தெரியாதுங்கறவர் பேச்சையா கேப்பாங்க?"

"தெரியாதுன்னவர்தாங்க என் கையைத் தொட்டுப் பாத்தார்."

"தொட்டுப் பாத்தா ஆச்சா? நாளைக்கு நீ எழுந்திருக்க முடியாமப் போனா அவரா வந்து தூக்குவார்? நான்தான் தூக்கணும்!"

"தூக்க பயமா இருக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமையில். மகள் படத்தை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்தாள். "நீ என்னம்மா நெனைக்கிற? அவங்க சொல்றத விடு" என்றாள்.

நான் என்ன நினைக்கிறேன்? எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? முன்னால் பாதை பிரிகிறது, இரண்டு பக்கமும் பலகை இல்லை. இதில் நான் சாலை விதி சொல்லிக் கொடுக்கிறேன்.

மே 20, திங்கள்

ஆபரேஷன் வேண்டாம் என்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. விரல்தான் காரணம். விரலுக்கும் இடுப்புக்கும் என்ன என்ற கேள்விக்கு எலும்பு டாக்டர் சொன்ன பதில் ஒட்டவில்லை.

கணவரிடம் சொன்னேன். "ம்" என்றார். சாப்பிடும்போது என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் கேட்காமலே சாதத்தைப் பிசைந்து, ஸ்பூன் போட்டுத் திரும்ப நகர்த்திவைத்தார்.

மே 24

நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனை. சுளீர் சுளீரென்று அடிக்கும் என்று பயமுறுத்தினார்கள். பல இடத்தில் எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மே 29, புதன்

இரண்டாவது எம்.ஆர்.ஐ. கழுத்து, இடுப்பு இரண்டுக்கும். அதே ஸ்கேன்காரர். "இந்தத் தடவையும் தூங்குவீங்களா?" என்றார். தூங்கவில்லை. பாதியில் பலகையை வெளியே இழுத்து, கையில் ஊசி வழியாகச் சாய மருந்தை ஏற்றினார்கள். தோள் வரை ஜில்லென்று ஏறியது. அது ஏறுவது தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது. ஏதோ ஒன்று தெரிகிறதே இந்த உடம்புக்கு என்று. மறுபடி உள்ளே. தகரக் கொட்டகை.

முடிந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அம்மா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர்கள் பொதுவாக வருவதில்லை, திரைக்குப் பின்னாலேயே இருந்துவிடுவார்கள். "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று என்னையும் கணவரையும் கூப்பிட்டார். இருட்டறை. பெரிய திரை.

"தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடும். அதுக்குக் கீழ நரம்பு வேருங்கதான், குதிரை வால் மாதிரி தொங்கும். சாதாரணமா நூல் நூலா இருக்கும். இது உங்களோடது."

நூல் இல்லை. கயிறு. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மருந்தைக் குடித்து, வெள்ளையாக ஒளிவிட்டுக்கொண்டு இருந்தன. கழுத்துப் படத்திலும் அப்படியே, இரண்டு பக்கமும்.

"வீங்கி இருக்கு. மருந்தை இழுத்துக்குதுன்னா அங்க ஏதோ அழற்சி நடக்குதுன்னு அர்த்தம்."

கணவர் திரைக்கு அருகில் போய், "அப்ப பாதை நெருக்கம்னு எழுதியிருந்தாங்களே?" என்றார்.

அந்த அம்மா பழைய படத்தைப் பக்கத்தில் திறந்தார்.

"அதை எழுதினது நான்தான். பாதை சின்னதில்ல. உள்ள இருக்கறது பெருசு. அதான் நெருக்கமா தெரிஞ்சிருக்கு. இந்தப் பழைய படத்துலயும் வேர் தடிச்சுத்தான் இருக்கு, பாருங்க. நெருக்கம்னு எழுதினேன். ஏன் நெருக்கம்னு கேட்டுக்கல. மன்னிச்சிடுங்க."

"பரவால்ல" என்றேன். பரவாயில்லையா? தெரியவில்லை. ஆனால் இருட்டறையை விட்டு எழுந்து வந்து முகத்துக்கு நேரே சொன்னாரே.

ஆட்டோவில் ஏறியதும் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

மே 31, வெள்ளி

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

நரம்பு டாக்டர் சொல்கிறார்: வேர் இப்படித் தடிக்க இரண்டு மூன்று காரணம் உண்டு. உடம்பின் காவல் படையே தப்பாக நரம்பின் மேலுறையைத் தின்பது ஒன்று. அதற்கு மருந்து உண்டு. பரம்பரையாக வருவது இன்னொன்று. அதற்கு மருந்து இல்லை. வேறு மோசமானவையும் உண்டு, இப்போதைக்கு அவற்றை யோசிக்க வேண்டாம் என்றார். யோசிக்க வேண்டாம் என்றால் யோசிக்காமல் இருக்க நான் என்ன கட்டையா?

"உங்க அப்பா, அம்மா யாருக்காவது நடை தடுமாறியிருக்கா?"

அம்மாவுக்கு இல்லை. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எப்படி நடந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்க யாரும் மிச்சமில்லை. வீட்டில் இருப்பது மார்புவரை எடுத்த ஒரு போட்டோ. கால் அதில் இல்லை.

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"கூட்டிட்டு வாங்க. நரம்புச் சோதனை பண்ணிடலாம்."

அந்த நிமிஷம்வரை எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை.

ஜூன் 1

மகள் சோபாவில் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளம் அதிகமோ? விரல் மடங்கினாற்போல இருக்கிறதோ? பிறந்ததிலிருந்து பார்த்த கால், இன்று புதுசாக இருக்கிறது.

"என்னம்மா, என் காலையே முறைக்கிற?"

"நகம் வெட்டு."

"நேத்துதான் வெட்டினேன்!"

எனக்கு வந்தது தானாக வந்ததாக இருக்கட்டும். என்னோடு முடியட்டும். வியாதியில் கூட எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிலைமை.

ஜூன் 3, திங்கள்

மகளுக்குச் சோதனை. என்னை உள்ளே விடவில்லை. கதவு வழியாக ஒவ்வொரு மின்சார அடிக்கும் "ஆ! ஐயோ! ஆ!" என்று அவள் கத்துவது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கத்தடி கண்ணே, இன்னும் நல்லாக் கத்து!

எல்லாம் சரியாக இருக்கிறது. நரம்பில் மின்சாரம் ஓடும் வேகம், அளவு எல்லாம். "இது அவளுக்கு இல்லங்கறதுக்கு நல்ல சாட்சி" என்றார் டாக்டர். என் சோதனையிலும் கோளாறு எங்கும் ஒரே மாதிரி இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கிறதாம். பரம்பரை என்றால் பெரும்பாலும் ஒரே சீராக இருக்குமாம்.

"நிச்சயமா?" என்றேன்.

"நெருங்கிட்டோம்" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து நிச்சயம் என்ற வார்த்தை வராது போல.

வெளியே வந்ததும் மகள், "எனக்கு ஐஸ்கிரீம் வேணும். ரெண்டு" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 6

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் புரதம் அதிகம். அதில் வேறு கெட்ட அணுக்கள் எதுவும் இல்லை. எல்லாமாகச் சேர்த்துப் பார்த்தால், காவல் படைதான் கலகம் செய்கிறது. பெயர் நீளமாக ஒன்று சொன்னார், எழுதியும் கொடுத்தார். மகள் ஒரே மூச்சில் படித்தாள். நானும் கணவரும் பாதியிலேயே தடுக்கி விழுந்தோம்.

அவர்தான் தன் பாஷையில் சொல்லிப் பார்த்தார். "கம்பி நல்லாத்தான் இருக்கு, மேல இருக்கிற வார்னிஷ்தான் உரிஞ்சு போயிருக்கு. அப்படித்தானே டாக்டர்?"

"ஏறக்குறைய அப்படித்தான். ரொம்ப நாள் விட்டா கம்பியும் போகும்."

"திரும்ப வார்னிஷ் ஏறுமா?"

"ஏறலாம்."

ஏறலாம். சரி.

ஜூன் 12

ஆஸ்பத்திரி. நாலாவது நாளாக டிரிப். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தாம். பாட்டிலுக்குள் நுரைத்துக்கொண்டு இருக்கிறது. தலை கனக்கிறது. யார் யாரோ கொடுத்த ரத்தம். யார் என்று தெரியாது, நன்றி சொல்லவும் வழியில்லை.

நாத்தனார் வந்தார். என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டார். "நெனப்புதான்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எனக்கு அவர் தேய்ப்பது தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

ஜூன் 25

ஒன்றுமில்லை. ஒரு மாற்றமும் இல்லை. குளியலறைக்கு மகள் கூட வருகிறாள். எலும்பு டாக்டர் சொன்னதுதான் சரியோ? ஆபரேஷன் நாளைக் கடத்திவிட்டேனோ? கணவர் எதுவும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது சொல்வதைவிட மோசமாக இருக்கிறது. "சொல்லிடுங்க, நான் செஞ்சது தப்பான்னு" என்றேன் கடைசியில்.

"எனக்கும் தெரியலடி. தெரியாதுன்னு சொல்ல இப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

ஜூலை 2

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். வலித்தது!!

ஜூலை 9

சட்டைப் பொத்தான், மூன்று. என்னுடையது இல்லை, அவருடையது. நான் போட்டுவிட்டேன். நாலாவதில் கை அலுத்துவிட்டது, மிச்சத்தை அவரே போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 22

மறுபடி இறங்குகிறது. இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, முக்காலியிலிருந்து எழ மறுபடி சுவர். ஏமாந்துவிட்டேனா? டாக்டர் பதறவில்லை. "மருந்து கேக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு. அது தீர்ந்ததும் எறங்குது. அப்ப விடாம கொடுக்கணும்" என்கிறார். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? இரண்டையும் ஒரே பாட்டிலில் ஏற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 26

ஹலோ அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார். இரண்டாவது முயற்சியில். வீட்டுக்கு வந்து காட்டினார். போட்டோவில் ஏதோ குற்றம் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் போல இருக்கிறார். அந்த மார்ச் நாளில் என் கால் எங்கே இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்து, "அப்ப அன்னைக்கு நெஜமாவே நான்தான் போட்டேனா?" என்றார். அவருக்கு இன்னும் பெருமைதான்.

அக்டோபர் 19, சனி

மறுபரிசோதனை. மாதம் ஒருமுறை டிரிப் தொடர வேண்டும். எத்தனை காலம் என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும், சும்மா கேட்டேன். பாதத்தில் இன்னும் பாதிதான். முழங்காலில் தட்டியபோது இடது பக்கம் லேசாக ஓர் அசைவு. டாக்டருக்கும் அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பகலில், பழகிய சாலையில், சொந்த வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறருக்குச் சொல்லித் தர இன்னும் அனுமதி இல்லை. மாடி வகுப்பு தொடர்கிறது.

காத்திருக்கும் இடத்தில் ஒரு கணவன் மனைவி. அந்தக் கணவர் தரைக்கு ஓடு பதிப்பவராம். மடியில் புது ஸ்கேன் உறை. அந்தப் பெண் என் ஊன்றுகோலைப் பார்த்து, நான் பழைய ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, இது சரியாகிடுமா?"

"தெரியலம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அந்த வார்த்தை என் வாயில் கசக்கவில்லை. "கையிலயும் மரத்துப் போகுதான்னு டாக்டர் கேப்பார், எல்லாத்தையும் சொல்லுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்க."

திரும்பும்போது நான் ஓட்டினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் இரண்டு திருப்பத்துக்குக் கதவுக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "லெப்ட்ல வண்டி வருது" என்றார். "பாத்துட்டேன்" என்றேன். "மெதுவா" என்றார். "மெதுவாத்தான் போறேன்." பாலத்தைத் தாண்டியதும் பேச்சு நின்றது. சிக்னலில் திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். கை மடியில் அவிழ்ந்து கிடக்கிறது. விரலிடுக்கில் கடை எண்ணெய்க் கருப்பு.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். எழுப்ப மனசு வரவில்லை. இன்னொரு சுற்று போனேன்.